அடைக்கலப் பொருள்

வாத்து வளர்ப்பது சிரமமான காரியம் அல்ல. வாத்துகளை விட்டுவிட்டு ஊருக்குப் போவதுதான் சிரமம். 2023-ஆம் ஆண்டு மே மாதம் வரையில் எனக்கு இது தெரியாது.

எங்கள் வீடு கும்பகோணத்துக்கு வெளியே, வயல்கள் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்ததும் வாத்து மேய்க்கிறவர்கள் வருவார்கள். நூற்றுக்கணக்கான வாத்துகள் தாள் நிற்கும் வயலில் இறங்கி, சிந்திய நெல்லையும் நத்தையையும் புழுவையும் பொறுக்கித் தின்னும். இரவில் வலை கட்டி அடைப்பார்கள். விடியற்காலையில் முட்டை பொறுக்குவார்கள். மேய்ச்சல் தீர்ந்ததும் அடுத்த ஊர். 2022-ஆம் ஆண்டு தையில் என் மகள் அவர்களிடம் நான்கு குஞ்சுகள் வாங்கி வந்தாள். ஒரு வருஷத்தில் அவை மூன்று பெட்டையும் ஓர் ஆணுமாக வளர்ந்து, எங்கள் கொல்லை தங்களுடையது என்று தீர்மானித்துவிட்டன.

பத்து நாள் உதகைக்குப் போவதென்று முடிவான பிறகுதான், இவற்றை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்தது. வாத்துக்கு வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் தினமும் வேண்டும். தலையை முழுக்க அமிழ்த்திக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளும் அளவுக்கு ஆழமான தண்ணீர் வேண்டும். பக்கத்தில் தண்ணீர் இல்லாமல் தீனியை மட்டும் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் அடைக்க வேண்டும். விடிந்ததும் திறந்துவிட வேண்டும்.

அடுத்த வீட்டுக்காரரைக் கேட்டேன். "ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பாவம் எனக்கு எதற்கு, சார்?" என்று ஒதுங்கிக்கொண்டார். எதிர்வீட்டு நண்பர், "தாராளமாக விட்டுப் போங்கள். வரும்போது உங்களுக்குக் குழம்பு தயாராக இருக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மனத்தில் எங்கேயோ ஒட்டிக்கொண்டுவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் ஒப்புக்கொண்டவள், தினமும் எங்களுக்குக் கீரை கொண்டுவருகிற ஆயா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கூலி பற்றிப் பேசி முடித்தோம். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க இல்லாதப்போ இதுல ஒண்ணு செத்துப்போச்சுன்னா?"

"அதெல்லாம் ஒன்றும் ஆகாது ஆயா."

"ஆகாதுதான். ஆச்சுன்னா?"

ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தேன். வாத்துகளைப் பார்த்துக்கொள் என்று எந்தச் சொல்லால் அவளிடம் கேட்டேனோ, அதே சொல்லால் அவள் கேள்வியைத் தட்டிக் கழித்தேன்.

திரும்பி வந்தபோது கொல்லையில் மூன்று வாத்துகளே இருந்தன. ஆயா வாய் திறப்பதற்கு முன்பே, எதிர்வீட்டு நண்பர் சொன்ன குழம்பு என் நினைவுக்கு வந்தது. அந்த நினைப்பு ஒரு நொடிக்கு மேல் நிற்கவில்லை. ஆனாலும் வந்தது. என் முகத்தில் அதை அவள் பார்த்திருப்பாள் என்றே நினைக்கிறேன்.

ஆயா ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்து திண்ணையில் பிரித்து வைத்தாள். உள்ளே இறகுகள், காய்ந்த ரத்தக் கறையோடு ஒரு சிறகு. ஒரு பகலில் அவள் சந்தைக்குப் போயிருந்த நேரம், தெருநாய்கள் புகுந்திருக்கின்றன. கொல்லை வேலியில் ஒரு படல் பிய்ந்திருந்தது. அந்த வழியாக வந்திருக்கின்றன. அன்றைக்கே கயிறு வாங்கி அதைக் கட்டிவிட்டாளாம். பிறகு ஒரு கூடையைக் கொண்டுவந்தாள். பத்தொன்பது முட்டைகள். ஒன்றைக்கூடத் தொடவில்லை. கோடை வெப்பத்தில் பாதிக்கு மேல் கெட்டுப்போயிருந்தன.

"இறகையெல்லாம் எதுக்கு ஆயா எடுத்து வைச்சீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க நம்பணுமே, தம்பி" என்றாள்.

படல் பிய்ந்திருப்பது எனக்கு முன்பே தெரியும். ஊரிலிருந்து வந்து கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுப்போனவன் நான். முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனவனும் நான். அவள் கேட்ட ஒரே கேள்விக்கு நான் பதில் சொல்லியிருந்தால், ஒரு கிழவி செத்த பறவையின் சிறகைச் சாட்சிக்காகப் பொட்டலம் கட்டி வைத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால் அது நம்மை விட்டுப் போய்விடுகிறதா? பணத்தை அஞ்சலகத்தில் கட்டிவிட்டு ரசீதோடு வெளியே வருவதைப் போலத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். சிலப்பதிகாரம் அப்படி நினைக்கவில்லை. மதுரையில் கவுந்தியடிகள் கண்ணகியை இடைச்சி மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கோவலன் கொலையுண்டான், கண்ணகி மதுரையை எரித்துவிட்டுப் போனாள். இதில் மாதரியின் குற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் அடைக்கலத்தைக் காக்க முடியவில்லையே என்று அவள் தீயில் விழுந்து உயிர் விட்டாள். இதை எல்லோரும் சொல்வார்கள். ஒப்படைத்த கவுந்தியடிகளும் உண்ணாமல் நோன்பிருந்து உயிர் விட்டார் என்பதைத்தான் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. என்னுடையதை மாதரியிடம் கொடுத்தாயிற்று என்று அவர் இருந்துவிடவில்லை. ஒப்படைத்த பொறுப்பு கைமாறுவதில்லை; இரண்டு பேருடையதாகிறது.

இரண்டு பேருடையதாகும்போது கனம் மட்டும் சமமாக விழுவதில்லை. வாத்து செத்தால் எனக்கு ஒரு வாத்து நஷ்டம். அவளுக்கோ ஒரு பெயர் நஷ்டம். நான் அவளை நம்பலாமா என்று என் வீட்டில் இரண்டு நாள் ஆலோசனை நடந்தது. என்னை அவள் நம்பலாமா என்று அவள் கேட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் தயங்கித் தயங்கி.

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் புகழாதவர் இல்லை. ஆனால் போர்வை கொடுப்பது ஒரு நாள் வேலை. மறுநாள் அந்த மயிலுக்கு இரை வைக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. அதே பேகன் தன் மனைவியைப் பிரிந்து வாழ்ந்தபோது, கபிலரும் பரணரும் பரிசில் கேட்கப் போன இடத்தில் அவளுக்காகப் பரிந்து பாட நேர்ந்தது என்பதையும் புறநானூற்றில் பார்க்கிறோம். இரக்கம் எளிது, அது ஒரு கணத்தில் வரும். பராமரிப்பு தினம் இரண்டு வேளை வரும்.

கிராமத்தில் வாத்து முட்டையைப் பெரும்பாலும் கோழியிடம்தான் அடைக்கு வைப்பார்கள். தன் முட்டையானால் கோழிக்கு 21 நாள். வாத்து முட்டைக்கு 28 நாள். யாருடைய குஞ்சுகளுக்காகவோ ஒரு வாரம் கூடுதலாக உட்காரும். பிறகு அந்தக் குஞ்சுகள் குளத்தில் இறங்கியதும் கரையில் அங்குமிங்கும் ஓடிக் கத்தும். கோழி பதறுவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். முட்டையைக் கொண்டுவந்து வைத்தவர் யார் என்று அது நம்மைக் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

அன்று சாயங்காலம் ஆயாவிடம், வேலியை விட்டுப்போனது என் தப்பு என்று சொன்னேன். "போகட்டும் தம்பி, உசுரு போற நேரம்" என்றாள். பேசிய கூலியை வாங்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். என் மனைவிதான் சமாதானம் சொல்லி அவள் முந்தானையில் முடிந்து அனுப்பினாள்.

அடுத்த வருஷமும் ஊருக்குப் போனோம். போவதற்கு முன் வேலியை முழுவதும் கட்டினேன். ஆயா கேட்பதற்கு முன்பே அவளிடம் சொன்னேன்: "முட்டையெல்லாம் உங்களுக்குத்தான் ஆயா. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், ஆகிவிட்டது என்று சொல்லுங்கள், அது போதும். இறகு வேண்டாம்."