வீட்டுத் திரையில் இராமானுசர்

2015-ஆம் ஆண்டு கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய, வைணவ ஆசாரியர் இராமானுசரைப் பற்றிய ‘இராமானுசர்’ தொடருக்கு, இறைமறுப்பாளராக அறியப்பட்ட மு. கருணாநிதி கதை வசனம் எழுதியமை, நம்பாதவர் ஆக்கிய பக்திப் படைப்பை நம்புகிறவர் எவ்வாறு மதிப்பிடுவது என்னும் சமயக் கேள்வியை எழுப்பிற்று. திருமழிசை ஆழ்வார் அவதரித்த திருமழிசைக்கும் இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே தொலைவு அதிகமில்லை ஆதலால், இவ்வூர்களின் இல்லங்களுக்கு அக்கேள்வி அயலானதன்று.

அம்மதிப்பீட்டில் முதலில் எழுவது, குறை கூறலாமா என்பதே. வீட்டில் அமர்ந்து தொடர் பார்ப்பவர், நடிகர் பொருந்தவில்லை என்றோ வசனம் நீள்கிறது என்றோ சொல்வதைப் பக்திக் குறைவாகக் கருதுவோர் உண்டு. அது பிழையான கருத்தாகும். அர்ச்சாவதாரம், அதாவது அடியார் வழிபடுவதற்காக இறைவன் திருமேனியில் எழுந்தருளும் நிலை, பொதுவாகப் பிரதிட்டை என்னும் நிறுவுதற் சடங்கோடு இணைந்தது; திரையில் தோன்றும் உருவத்திற்கோ அத்தகைய நிறுவுதல் இல்லை. 1987-இல் தூர்தர்ஷன் இராமாயணத்தைத் தொடங்கியபோது தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு வணங்கியோரின் அன்பு போற்றத்தக்கதே. எனினும், நடிப்பைக் குறை கூறுவது இறைவனைக் குறை கூறுவதாகாது.

சமணம், பௌத்தம், சைவம் ஆகியவற்றை ஆராய்ந்த பின்னரே திருமழிசையார் திருமாலைச் சரணடைந்தார் என்று குருபரம்பரை மரபு கூறுவதால், ஆராய்ந்து தெளிதல் பக்திக்குப் பகையன்று என்பது பெறப்படும். திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மேல் நின்று, தகுதி பாராது அனைவருக்கும் மந்திரப் பொருளை வழங்கியவர் என்று அம்மரபு போற்றும் இராமானுசரின் வரலாற்றை எழுதுபவரிடம் மட்டும் நம்பிக்கைத் தகுதியைக் கேட்பது முறையன்று. தொடர் இராமானுசரின் கருத்துக்கு உண்மையாக உள்ளதா என்பதே கேட்கத்தக்க கேள்வி. அதைக் கேட்கும் உரிமை எளிய பார்வையாளருக்கும் முழுமையாக உண்டு.