எந்தத் தெரு?

மணலூர்பேட்டைச் சேரியில் உட்கார்ந்தபடியே நம்ம புள்ள ஒண்ணு 'ஸ்வயம்' வழியா அமெரிக்க இலக்கியம் படிக்கலாம். பாடம் இலவசம், சான்றிதழ்ப் பரீட்சைக்குத்தான் பணம். 'எந்தத் தெரு?' என்று கேட்க அங்கே ஆளில்லை. இது சமத்துவமா, முகம் தெரியாததால் கிடைத்த நிம்மதியா?

பிரடெரிக் டக்ளஸ் எசமானுக்குத் தெரியாமல் எழுத்துக் கற்ற அடிமை. தப்பி வந்தபின் மாற்றிய பெயரில் ஒளிந்தே வாழ்ந்திருக்கலாம். மாட்டேன்னுட்டார். 1845இல் ஊரையும் எசமான் பெயரையும் போட்டே தன் கதையை அச்சிட்டார். பிடிபட்டால் மறுபடி அடிமைதான். கடல் கடந்து போக வேண்டியதாயிற்று. அம்பேத்கர் 1946இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியதும் தீண்டப்படாதவர் நிலையைச் சொல்லித்தான்.

ஸ்வயத்தின் வாராந்திர வினாக்களோ பெரும்பாலும் விடையைத் தேர்ந்தெடுப்பவை. டக்ளஸைப் படிச்ச புள்ள தன் தெருவைச் சொல்ல எந்தக் கட்டத்தை டிக் பண்ணும்?