மாதர் சங்கத்துக்கு அப்பால்

பசறையிலும் நமுனுகுலையிலும் மடுல்சீமையிலும் தேயிலைக் கொழுந்து மலையில் நிரை பிடித்து நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பின்னால் நின்று வேலை வாங்கும் கங்காணி பெரும்பாலும் ஆண். கொழுந்தை நிறுத்துக் கணக்கு எழுதுபவரும் ஆண், பிரச்சினை என்றால் தொரையிடம் பேசப் போகும் தோட்டத் தலைவரும் ஆண். சங்கச் சந்தா மட்டும் இருவர் சம்பளத்திலும் கழிகிறது.

லயத்தில் "தலைவர்" என்றாலே ஆண்தான். பெண்ணுக்கென்று இருப்பது மாதர் சங்கத் தலைவி என்ற தனிப் பெயர். வேலைநிறுத்தத்துக்கும் மே தினத்துக்கும் ஆள் சேர்க்க அவர் வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலில் அவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

காரணம் கேட்டால், பெண்களுக்கு நேரமில்லை என்பார்கள். அது உண்மை. விடியுமுன் எழும்பி ரொட்டி சுட்டு, கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் காலை வேலைப் பிரிப்பான பெரட்டுக்கு ஓடுகிறவள், அந்தி நிறுவை முடிந்து லயத்துக்கு வரும்போது கூடைக் கயிற்றின் தடம் நெற்றியில் அப்படியே இருக்கும். உட்கார நேரமிருக்காது, தண்ணீர் பிடிக்க வேண்டும், விறகு பிளக்க வேண்டும், உலை வைக்க வேண்டும். சங்கக் கூட்டம் கூடுவதும் பெரும்பாலும் அந்த வேளையில்தான். வீட்டு வேலை முழுவதையும் ஒருத்தி தலையில் ஏற்றிவிட்டு, அவளுக்கு நேரமில்லை என்பதையே அவளுக்கு எதிரான காரணமாக்குவது அநியாயம். அவளுடைய நேரத்தில் வாழ்கிறவர்களே அந்தத் தீர்ப்பைச் சொல்கிறார்கள்.

பேசத் தெரியாது என்ற காரணம் நிற்கவே நிற்காது. கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய 1930களில், அவர் மனைவி மீனாட்சி அம்மாள் தாமே பாட்டெழுதித் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார், பேசினார். ஆனாலும் 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் நாடாளுமன்றம் போன ஏழு பேரும் ஆண்கள். அடுத்த ஆண்டே தோட்டத்து மக்களின் குடியுரிமை பறிபோயிற்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாள் சம்பளம் என்பது கைக்கு வர 1984 ஆயிற்று. அதுவரை அதே மலையில் நின்றவளுக்குக் குறைந்த கூலி.

பெண் ஒருத்தி நாற்காலியில் அமர்ந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இலங்கையர் இதற்கு எளிதாக ஆம் சொல்ல முடியாது. 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரானவர் சிறிமாவோ பண்டாரநாயக்க. அவரே 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் செய்து, தோட்டத்து மக்களைக் கேட்காமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப உடன்பட்டார். கொழும்பில் ஒரு பெண் ஆண்டதால் பதுளை லயத்துப் பெண்ணின் குரல் அங்கே கேட்டுவிடவில்லை. அந்தக் குரலோடு அவளேதான் போக வேண்டியிருந்தது. அது நடந்தது 2024 நவம்பரில். பதுளையில் அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் வென்றார்கள். மக்கள் வாக்கில் மலையகத் தமிழ்ப் பெண்கள் நாடாளுமன்றம் போனது அதுவே முதல் முறை.

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீதம் என்ற சட்டத்தின்படி 2018இல் முதல் தேர்தல் நடந்தபோது, கணவரின் பெயரால் வந்தவர்கள், பட்டியலை நிரப்ப வந்தவர்கள் என்ற முணுமுணுப்பு எழுந்தது. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சௌமியமூர்த்தி தொண்டமானுக்குப் பின் பேரன் ஆறுமுகனும், 2020இல் ஆறுமுகன் மறைந்தபின் அவர் மகன் ஜீவனும் தொழிற்சங்கத் தலைமைக்கு வந்தார்கள். ஆணுக்கு உறவு பாரம்பரியமாகிறது, பெண்ணுக்கு அதே உறவு குறையாகிறது. அளப்பதென்றால் இருவரையும் ஒரே படியால் அளக்க வேண்டும்.

அந்த 25 சதவீதச் சட்டம் பிரதேச சபை வாசலோடு நின்றுவிடுகிறது. தோட்டக் கமிட்டிக்குள் வருவதில்லை. அங்கே மாற்றம் செய்ய நாடாளுமன்றம் தேவையில்லை, சங்கங்களே தங்கள் யாப்பைத் திருத்திக்கொள்ளலாம். அதற்கும் முன்னால் செய்யக்கூடிய ஒன்று உண்டு: கூட்டத்தை ஞாயிறு பகலுக்கு மாற்றுவதும், அன்றைக்கு உலையை வீட்டு ஆண்கள் வைப்பதும்.