பளபளப்பும் சுத்தமும்

கட்டைபறிச்சானுக்கு வடக்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உல்லாச விடுதிகள் உள்ளன. அங்கே குளியலறை கழுவப் போகும் நம் பிள்ளை கேட்கலாம்: கொமட் துடைத்த துணியாலேயே தண்ணீர்க் கிளாசையும் துடைத்தால் யாருக்குத் தெரியும்? கிளாஸ் பளபளக்கும், மேற்பார்வையாளரும் தலையாட்டிவிடுவார். ஆயினும் இரவு அதில் நீர் பருகுபவர், நோய் வராவிட்டாலும், ஏமாற்றப்பட்டவரே.

1847இல் வியன்னாவில் டாக்டர் செம்மல்வைஸ் கண்டதும் இதுவே: சோப்பால் கழுவிய மருத்துவர் கைகள் சுத்தமாகத் தோன்றின, தாய்மாருக்கோ மரணத்தைக் கொண்டு சென்றன.

ஆகவேதான் தனித்தனித் துணி, கொமட் கடைசியில், கிருமிநாசினி சில நிமிடம் ஊறவேண்டும். அந்த நிமிடங்களைத் தராமல் அறைகளை மட்டும் கூட்டும் முதலாளிக்கும் பொய்யில் பங்குண்டு. பிள்ளையோ ஏழு அறைகளே முடிந்திருந்தால் ஏழுக்கு மட்டுமே அட்டவணையில் அடையாளமிட வேண்டும். வேலை போய்விடுமே என்று தாய் கலங்குவாள். அக்கலக்கத்தை நாம் இலேசாக எண்ணவில்லை.