அது யாரோட லேப்டாப்?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கடை வாசலில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். இந்த வசனம் ஒரு தடவையாவது காதில் விழும்.

“சின்னதா ஒரு லேப்டாப் வேணும் சார். ஃபேமிலி யூஸுக்குதான். ஊருக்குப் போனா பையில போட்டுட்டுப் போற மாதிரி, ரொம்ப விலை இல்லாம...”

கடைக்காரர் பட்ஜெட் கேட்பார். ஸ்க்ரீன் எத்தனை இன்ச் என்று கேட்பார். ‘ஃபேமிலி யூஸ்னா யார் யூஸ்?’ என்று மட்டும் கேட்க மாட்டார். அது அவர் வேலையும் இல்லை. வீட்டில் நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்ற சமாசாரங்கள் சுலபம். எடை ஒன்றரை கிலோவுக்குள் இருக்கட்டும். 8 ஜிபி ரேம் இருந்தால் நாலைந்து வருஷம் ஓட்டலாம். பழசு வாங்குகிறீர்கள் என்றால் விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்த்து வாங்குங்கள். விண்டோஸ் 10-க்குத் தந்துவந்த வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. அவ்வளவுதான். இனி வில்லங்கமான விஷயத்துக்கு வருவோம்.

‘எல்லாருக்கும் பொது’ என்று நம் வீடுகளுக்கு வந்த சாமான்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டி.வி. பொது. ரிமோட்? ஸ்கூட்டர் பொது. சாவி யார் பாக்கெட்டில்? விதி எதுவும் வைக்காமல் பொது என்று சொல்லிவிட்டால், அந்தப் பொருள் சத்தமாகக் கேட்பவரிடம் போய்ச் சேரும். இல்லையென்றால் பணம் கொடுத்தவரிடம். கேட்கத் தயங்குகிற ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு. பெரும்பாலும் அம்மா. “எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்” என்று ஒதுங்கிவிடுவார். ‘அவங்களுக்கு அதுல இன்ட்ரஸ்ட் இல்லை’ என்று நாமும் கணக்கை முடித்துவிடுவோம். அவர் வேண்டாம் என்றது கம்ப்யூட்டரையா, இல்லை ஒவ்வொரு தடவையும் கேட்டு நிற்பதையா?

இந்தக் கேள்வியைக் கம்ப்யூட்டர் செய்தவர்களே யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து ‘சிம்ப்யூட்டர்’ என்று ஒன்றை உருவாக்கினார்கள். உள்ளங்கை சைஸ். 2004-ல் கடைக்கு வந்தபோது ஆரம்ப விலை 10,000 ரூபாயை ஒட்டி. ஏழைக் கிராமத்தில் ஆளுக்கொன்று வாங்க முடியாது. பலரும் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்பது திட்டம். அதற்காக ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு. உங்கள் கார்டைச் செருகினால் உங்கள் விவரம் வரும். உருவினால் அது உங்களோடே போய்விடும். கருவி ஊருக்கு, உள்ளே இருப்பது உனக்கு! எவ்வளவு மரியாதையான யோசனை.

கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் நிக்கோலஸ் நெக்ரோபான்டே நேர் எதிராகப் பேசினார். 2005-ல் அவர் அறிவித்த 100 டாலர் லேப்டாப் திட்டத்தின் பெயரே ‘ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்’. பள்ளிக்கூட அலமாரியில் பூட்டி வைக்கக் கூடாது, குழந்தைக்கே சொந்தமாக இருக்கணும், வீட்டுக்கு எடுத்துப் போகணும் என்பது அவருடைய கறாரான நிபந்தனை. உற்பத்திக்கு வந்தபோது விலை 200 டாலரை நெருங்கிவிட்டது, அது வேறு கதை.

இரண்டுமே நினைத்த அளவுக்கு விற்கவில்லை. 2007-ல் தைவானின் அசுஸ் நிறுவனம் 7 இன்ச் திரை, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை என்று ‘ஈ பிசி’யைக் கொண்டுவந்து சந்தையைப் பிடித்தது. ஒருவருக்கா, ஊருக்கா என்ற தத்துவமெல்லாம் அதில் கிடையாது. காசு கொடு, எடுத்துட்டுப் போ, உங்க வீட்டுச் சண்டையை நீங்களே பார்த்துக்கோ!

நம் ஊருக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. 2011-ல் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் ப்ளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும். கொடுத்தது குடும்பத்தின் கையில் இல்லை, படிக்கிற பிள்ளையின் கையில். எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் ஒரு பொண்ணுக்குச் சொந்தமானது. அண்ணன் அதைப் பிடுங்கிப் படம் பார்த்த வீடுகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் “அக்காகிட்ட கேட்டுட்டு எடு” என்று அப்பா சொன்ன வீடுகளும் உண்டு. அந்த வீட்டில் அதற்கு முன்னால் அக்காவைக் கேட்டு எடுக்க வேண்டிய பொருள் என்ன இருந்தது, சொல்லுங்கள்.

அதற்காக ஆளுக்கொரு லேப்டாப் வாங்கச் சொல்லவில்லை. அந்தப் பணம் எத்தனை பேரிடம் இருக்கிறது? ஒன்றே வாங்குங்கள். ஆனால் வாங்கிய அன்றே எல்லார் பெயரிலும் தனித்தனி அக்கவுன்ட் போடுங்கள், பாட்டி உட்பட. அஞ்சு நிமிஷ வேலை. தனி பாஸ்வேர்டு, தனி ஃபோல்டர், பின்னணியில் அவரவருக்குப் பிடித்த படம்.

“பசங்க என்ன பண்றாங்கன்னு பார்க்க வேண்டாமா சார்?” வேண்டும். சின்னப் பிள்ளை என்றால் மெஷின் ஹாலில் இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது வேறு, தூங்கினபிறகு துழாவுவது வேறு. ‘அட்மின்’ என்ற சாவிக்கொத்து உங்களிடம்தான் இருக்கும். நினைத்தால் யார் அறைக்குள்ளும் நுழையலாம். பழைய கூட்டுக்குடும்பத்தில் பாத்திரம், பாய், பணம் எல்லாமே பொது. ஆனால் பாட்டியின் சுருக்குப்பையை யாரும் தொட மாட்டார்கள். அதற்குப் பூட்டா இருந்தது?

“பணம் கொடுத்தது நான்தானே” என்கிறவருக்கு ஒரு வார்த்தை. அரிசி வாங்குகிறவரும் நீங்கள்தான். அதற்காக நாலு பேர் சோற்றை நீங்களே சாப்பிடுகிறீர்களா?

சரி, சமமாகப் பங்கு போட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததா? அங்கேதான் சிக்கல் ஆரம்பம். மதுரைக்குப் போகிறீர்கள், வைகை எக்ஸ்பிரஸ். பேட்டரி ஆறு மணி நேரம் தாங்கும். நாலு பேர். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம், கணக்கு சரி. ஆனால் மகளுக்கு நாளைக் காலையில் ப்ராஜெக்ட் அனுப்பியாக வேண்டும், மூன்று மணி நேரமாவது பிடிக்கும். மகனுக்குப் பாதியில் விட்ட படம். உங்களுக்கு ஆபீஸ் மெயில். எதுவும் கேட்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் மனைவி, போன வருஷக் கல்யாண போட்டோக்களைப் பார்க்கணும் என்று எப்போதோ ஒரு தடவை சொல்லியிருந்தார்.

முதலில் யார் கையில் கொடுப்பீர்கள்? வண்டி செங்கல்பட்டு தாண்டுவதற்குள் முடிவு பண்ணிவிடுங்கள். பையன் ஏற்கெனவே ஹெட்போனை மாட்டிவிட்டான்.