பெற்றோல் காசு

2022 ஓகஸ்ட். கியூ.ஆர். முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் கிடைத்த காலம். லீற்றர் 450 ரூபா. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். எனது பழைய கார் போய்வர ஆறேழு லீற்றர் குடிக்கும். ஆகவே வாரத்தில் மூன்று நாள்தான் ஓடலாம்.

அந்த மூன்று நாளும் காரியாலயத்தில் மூவர் என்னோடு வந்தனர். ஒருவர் எனது தரத்து உத்தியோகத்தர். இன்னொருவர் எழுதுவினைஞர். மூன்றாமவர் என்கீழ் அபிவிருத்தி உத்தியோகத்தராகச் சேர்ந்து ஓராண்டும் ஆகாத மருதமுனைத் தம்பி.

முதல் வாரக் கடைசியில் என் தரத்தவர் 2000 ரூபாவை வைத்துவிட்டு இறங்கினார். 9000 ரூபாவை நாலு பேருக்குப் பிரித்தால் ஏறத்தாழ அதுதான். எங்களுக்குள் கூச்சமில்லை. அதைக் கண்ட எழுதுவினைஞரும் 2000 ரூபா தந்தார். அவருடைய சம்பளம் எவ்வளவென்று எனக்குத் தெரியும். இருந்தும் வாங்கினேன். தலைக்கணக்கில் பிரிப்பது நியாயம்போலத் தோன்றும். உண்மையில் அது யோசிக்கச் சோம்பற்படுபவனின் கணக்கு.

தம்பி நோட்டுகளை நீட்டியபோது கையைத் தள்ளிவிட்டேன். “வேணாம் தம்பி, நான் எப்படியும் போறவன்தானே.” அன்று முழுக்க மனம் நிறைந்திருந்தது.

பின்னர்தான் சில விடயங்கள் கண்ணில் பட்டன. கூட்டங்களில் என் அறிக்கையின் பிழைகளைத் தயங்காமல் சுட்டிக்காட்டியவர் வாய்மூடியிருந்தார். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து என் வேலையை முடித்துத் தந்தார். ‘ஏலாது’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை என்றே நினைத்தேன்.

எரிபொருள் நெருக்கடி தணிந்ததும் அவர் பஸ்சுக்கு மாறினார். காரணம் கேட்டேன்.

“சேர், பஸ்ஸில டிக்கட் எடுத்தா இறங்கினதோட கணக்கு முடிஞ்சிரும்.”

எம்மவரிடையே காசு கதைப்பது வெட்கம். வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்ப்போமா என்று வண்டிக்கும் அதையே சொல்கிறோம். ஆனால் அந்த வெட்கத்தின் பாரம் எல்லார் தோளிலும் ஒரே அளவில் விழுவதில்லை. சமமானவர்களுக்கிடையே இன்று விட்ட பங்கை நாளை களுவாஞ்சிக்குடியில் ஒரு தேநீரோடு சரிக்கட்டலாம். மேலதிகாரிக்கு எதைக் கொண்டு சரிக்கட்டுவது? அவர் வேண்டாமென்றால் உழைப்பால் கட்டவேண்டும். ஒன்றும் சொல்லாதிருந்தால், குறைத்துக் கொடுத்துவிட்டோமோ என்ற பயத்தில் கூட்டிக் கொடுக்கவேண்டும்.

மேலதிகாரி கீழுள்ளவரின் வண்டியில் ஏறினாலோ நிலைமை இன்னும் மோசம். என் இளவயதில் ஓர் அதிகாரி எட்டு மாதம் எனது மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து வந்தார். நான் பெற்றோல் அடிக்கும் நேரமெல்லாம் வீதியின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரைப் பல ஆண்டுகள் மனதுக்குள் ஏசியிருக்கிறேன். காசு வாங்க மறுத்த நானும் அவரும் அந்தத் தம்பியின் கணக்கில் ஒரே பக்கத்தில் நிற்போம் என்று நினைத்திருக்கவில்லை.

எனவே தொகையை முதலில் சொல்லவேண்டியவர் மேலிருப்பவர்தான். ஏறும் முன்பே சொல்லவேண்டும். கீழிருப்பவர் சிரமமின்றிக் கொடுக்கக்கூடியதாக அது இருக்கவேண்டும். பிறருடைய வண்டியில் ஏறினால் கேட்காமலே கொடுக்கவேண்டும். கடமைப் பிரயாணத்துக்குக் கிலோமீற்றர் கணக்கில் அரசிடம் பெற்றுக்கொண்டு, கூட வந்தவர்களிடமும் வாங்குவது ஒரே பெற்றோலை இருமுறை விற்பது. அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

சென்ற மாரியில் ஒரு காலை. மருதமுனைச் சந்தியில் நனைந்துகொண்டு நின்றவருக்காகக் காரை நிறுத்தினேன். சற்றுத் தயங்கி ஏறினார். மட்டக்களப்பில் இறங்கும்போது பஸ் கட்டணத்தை அப்படியே நீட்டினார். கை கூசியது. வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.