பழக்குதலும் பணிவித்தலும்

விலங்கோடு மனிதன் கொள்ளும் உறவைச் சுட்டத் தமிழில் பல வினைச்சொற்கள் உள. காளையை அடக்குகிறோம், உழவு மாட்டை வசக்குகிறோம், குதிரைக்கு நடை பயிற்றுகிறோம், யானையைப் பழக்குகிறோம். இவற்றுள் இறுதியில் நின்ற சொல்லே என் சிந்தனையை நெடுநாளாக ஈர்த்து வருவது. 'பழகு' என்னும் தன்வினையிலிருந்து பிறந்த பிறவினை அது. தான் பழகாத ஒருவன் பிறிதோர் உயிரைப் பழக்க இயலாது என்னும் நுட்பம் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அடக்குவதற்கோ அத்தகைய நிபந்தனை ஏதும் இல்லை. வலிமை ஒன்றே போதும்.

முரட்டுத்தனம் மிக்க ஓர் இளம் உயிரைத் தன் விருப்பத்துக்கு இணங்கச் செய்யும் உரிமை மனிதனுக்கு எங்கிருந்து வந்தது? அவ்வுரிமைக்கு எல்லை உண்டா? கயிறும் கோலும் கொண்டு பெற்ற இணக்கத்தை அன்பு என்று அழைக்கலாமா? அந்தமானில் வாழும் நமக்கு இவ்வினாக்கள் வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. விலங்குகளையும் மனிதர்களையும் கடல் கடந்து கொண்டுவந்து பணியச் செய்த மண் இது.

முதலில் குதிரையை எடுத்துக்கொள்வோம். கடிக்கும் குதிரையையும் உதைக்கும் குதிரையையும் தீக்குணம் உடையதென்று கூறுவது உலக வழக்கு. ஆனால் குதிரை இரையாகும் இனத்தைச் சேர்ந்தது. அச்சமே அதன் காவல். ஓட வழியில்லாதபோதுதான் அது பெரும்பாலும் தாக்குகிறது. புகிபாலஸ் என்னும் குதிரையைப் பற்றிப் புளூட்டார்க் எழுதியிருப்பது இதனை விளக்கும். பிலிப்பு மன்னனின் ஆட்கள் எவராலும் நெருங்க முடியாத அக்குதிரை தன் நிழலைக் கண்டே மிரள்கிறது என்பதைச் சிறுவனாகிய அலெக்சாந்தர் கண்டுகொண்டான். அதன் முகத்தைக் கதிரவனை நோக்கித் திருப்பினான். நிழல் பின்னே சென்றது, மிரட்சியும் நீங்கியது. பிறர் குதிரையின் குணத்தைக் கண்டனர். அவன் குதிரை கண்டதைக் கண்டான். அலெக்சாந்தருக்கு முன்னரே, கிறிஸ்துவுக்கு முந்தைய நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் குறித்து நூல் இயற்றிய செனபோன், சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்று அறிவுறுத்தியிருக்கிறார். அவரோ போர்வீரர், கருணையைத் தொழிலாகக் கொண்ட துறவி அல்லர்.

நம் முன்னோர் இக்கலையில் தேர்ந்தவர்களாக இருந்தார்கள் என்று பெருமை பேச எனக்கும் ஆசைதான். ஆயினும் பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலாக வந்திறங்கிய குதிரைகள், பேணத் தெரிந்தவர் இன்மையால் ஆண்டுதோறும் பெருந்தொகையில் மாண்டன என்று மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். யானையிடம் நாம் காட்டிய நுண்ணறிவைக் குதிரையிடம் காட்டவில்லை போலும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் ரேரி என்ற அமெரிக்கர் குதிரை பழக்குவதில் உலகப் புகழ் பெற்றார். 1858-இல் அவர் இங்கிலாந்துக்குச் சென்றபோது 'குரூசர்' என்ற பந்தயக் குதிரையை அவரிடம் ஒப்படைத்தனர். அதன் கொடுமைக்கு அஞ்சி இரும்பு வாய்ப்பூட்டு இட்டு வைத்திருந்தனர். சில மணி நேரத்தில் ரேரி அதன்மீது ஏறி அமர்ந்தார். அவர் முறை இதுதான்: முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டுவார், குதிரை திமிறிக் களைத்து, தானே தரையில் படுக்கும். அப்போது அவர் அடிப்பதில்லை. உடலெங்கும் மெல்லத் தடவிக்கொடுப்பார். முழுவதும் செயலற்றுக் கிடக்கும் வேளையிலும் தனக்குத் தீங்கு நேரவில்லை என்று குதிரை உணர்கிறது. அன்றைய இங்கிலாந்தில் இதனை அன்பு முறை என்று கொண்டாடினர். சாட்டைக்கும் பட்டினிக்கும் முன்னே வைத்துப் பார்த்தால் அன்பு முறைதான். ஆயினும் உள்ளத்தில் ஒரு முள் உறுத்துகிறது. ஒருவனை வீழ்த்திவிட்டு, பின்னர் அவன் தலையைக் கோதுவது எவ்வகை அன்பு?

இதே வினாவைப் பேருருவில் எழுப்புவது யானை. யானை அந்தமானுக்கு உரிய விலங்கு அன்று. வனத்துறை இங்கு 1883-இல் தொடங்கப்பெற்ற பின், படாக்கும் கர்ஜனும் வீழ்த்தப்பட்ட காடுகளில் மரம் இழுக்க யானைகள் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டன. கூட்டத்திலிருந்து பிரிந்து, கடலும் கடந்து, அங்குசத்தின்கீழ் உழைத்தவை அவை. இத்தீவுகளின் மரக்கட்டைக் கணக்குகள் பல அவற்றின் முதுகின்மேல் எழுதப்பட்டவை எனலாம்.

யானை பழக்கும் கலை தமிழர்க்குப் பழையது. அங்குசம் ஏந்திய இளைஞர், யானையிடம் வடமொழிச் சொற்களைப் பேசிக் கவளம் ஊட்டும் காட்சியை முல்லைப்பாட்டில் காண்கிறோம். தமிழ் மண்ணில் யானைக்குத் தனியொரு மொழி வழங்கியது என்பது வியப்பன்றோ! அதனினும் வியப்புடையது புறநானூற்றுச் செய்தி ஒன்று. பாண்டியனிடம் சிறைப்பட்டு மீண்ட சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடும் குறுங்கோழியூர் கிழார், குழியில் விழுந்த களிறு கரையைத் தகர்த்துத் தன் கூட்டத்தைச் சேர்ந்ததற்கு அவனை ஒப்பிடுகிறார். யானையைப் பிடித்துப் பயன்கொண்ட சமுதாயத்துப் புலவர், தப்பிய யானையின் பக்கம் நின்று மகிழ்கிறார். பழக்குவோர் மனத்திலும் அந்த மகிழ்ச்சிக்கு ஓரிடம் இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இன்றைய காலத்துக்கு வருவோம். கேரளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மனித உயிர்களைக் கொன்றதென்று சொல்லப்பட்ட ஆண் யானை ஒன்றைச் சுட்டுவிட அங்கே ஆணை பிறந்தது. யானை எல்லை கடந்து கூடலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தது. 1998-இல் தமிழ்நாட்டு வனத்துறையின் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி அதனை மயக்க மருந்து செலுத்திப் பிடித்தார். முதுமலையிலுள்ள தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டு சென்று, காயங்களுக்கு மருத்துவம் செய்து, பழக்கினர். மருத்துவரின் பெயரையே சுருக்கி 'மூர்த்தி' என்று பெயரும் இட்டனர். கொலையாளி என்று பெயரெடுத்த அவ்யானை, குழந்தைகளும் அருகில் செல்லத்தக்க சாந்தம் உடையதாயிற்று, கும்கியாகவும் பணிபுரிந்தது, முகாமிலேயே முதுமை எய்தி 2024-இல் மறைந்தது.

இம்மாற்றம் நிகழும் இடம் 'கரால்' எனப்படும் மரக்கூண்டு. பெருமரங்களை நிறுத்தியும் குறுக்கே அடுக்கியும் அமைப்பது அது. உள்ளே யானை, வெளியே பாகன். முதல் நாட்களில் யானை மரத்தை முட்டும். மண்ணை வாரி இறைக்கும். பாகன் விலகுவதில்லை, அருகிலேயே இருந்து ஓயாமல் பேசுகிறான். கரும்பும் வெல்லமும் அவன் கையிலிருந்தே வருகின்றன. முதலில் நீண்ட கோல் ஒன்று உடலைத் தொடும். அதனை யானை பொறுத்துக்கொண்ட பின் கை தொடும். வாரங்கள் மாதங்களாகும். குறும்பர், மலசர், இருளர் ஆகிய பழங்குடிகளைச் சேர்ந்த பாகர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த பொறுமை இது. மருந்தூசியை நாம் போற்றுகிறோம். இப்பொறுமைக்கு உரிய மதிப்பை இன்னும் அளித்தோமில்லை.

கராலை இரக்கமற்ற சிறை என்று கூறுவோர் உளர். அவர்கள் கூற்றைத் தள்ளிவிட முடியாது. உணவும் நீரும் உறவும் ஒரே கையிலிருந்து மட்டும் கிடைக்குமாறு செய்துவிட்டு, அக்கையை யானை விரும்புகிறது என்று மகிழ்வதில் ஒரு வஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் மூர்த்தியின்முன் அன்றிருந்த மற்றொரு வழி துப்பாக்கிக் குண்டு. சாவுக்கும் கூண்டுக்கும் இடையே கூண்டைத் தேர்ந்ததை நான் குறைகூற மாட்டேன். அதே கூண்டை, மரம் இழுக்க ஆள் வேண்டும் என்பதற்காகவோ திருவிழாவில் நிறுத்துவதற்காகவோ கட்டியிருந்தால் என் தீர்ப்பு வேறு. கயிறு அதே கயிறுதான்; யார் பொருட்டுக் கட்டப்படுகிறது என்பதில்தான் அறம் வேறுபடுகிறது. 'யானையின் நன்மைக்காக' என்று சொல்லிக்கொண்டே தம் நன்மையைத் தேடுவாரும் உளர். அவரை இனங்காண ஒரு வழி உண்டு: வேலை முடிந்த பின் அவர் அங்கே இருக்கிறாரா என்று பார்க்கவேண்டும். ரேரி குரூசரைத் தம்மோடு அமெரிக்காவுக்கே அழைத்துச் சென்றார். 1866-இல் அவர் இறந்த பின்னும் அக்குதிரை அங்கே வாழ்ந்தது. அவர் மறைவுக்குப் பின் அதன் பழைய முரட்டுக்குணம் தலைதூக்கியதென்பர். அது மெய்யாயின், குதிரை பழகியது மனித இனத்தோடு அன்று, ஒரு மனிதனோடு.

பணிவைப் பார்த்து உள்ளத்தை அளப்பது எத்துணைப் பிழையானது என்பதற்கு நம் தீவின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. கொலைக் குற்றத்துக்காக 1867-இல் தண்டனை பெற்று இங்கு அனுப்பப்பட்ட ஷேர் அலி, நன்னடத்தை உடைய கைதி என்று மதிக்கப்பட்டான். கட்டுக்காவல் தளர்த்தப்பெற்று ஹோப்டவுனில் நாவிதனாக வாழ அனுமதிக்கப்பட்டான். ஆட்சியாளர் நோக்கில் அவன் பழகிவிட்டவன். 1872 பிப்ரவரி 8-ஆம் நாள், ஹாரியட் மலையிலிருந்து இறங்கிவந்த வைசிராய் மேயோ பிரபுவை அங்குள்ள படகுத்துறையில் கத்தியால் குத்திக் கொன்றவன் அவனே. அக்கொலையை நியாயப்படுத்த இதனைச் சொல்லவில்லை. கோப்பில் எழுதப்படும் நன்னடத்தைக்கும் நெஞ்சுக்கும் உள்ள தொலைவைக் காட்டவே சொன்னேன். கோப்புகளோடு காலம் கழிக்கும் என்போன்றார்க்கு இது நன்கு விளங்கும்.

1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையிலோ வசக்குதல் ஒரு முறையாகவே நடந்தது. மாட்டைப் பூட்டும் செக்கில் மனிதர் பூட்டப்பட்டனர். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கை அறிந்த தமிழர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உல்லாஸ்கர் தத் சித்தம் கலங்கினார். 1933-இல் உண்ணாநோன்பு இருந்தோர்க்கு வலிந்து உணவு செலுத்தியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவரும் உயிர் துறந்தனர். உணவும்கூட அடக்கும் கருவியாகலாம் என்பதற்கு இதனினும் கொடிய சான்று ஏது? பாகன் நீட்டும் கரும்பை யானை மறுக்கலாம். மறுத்தால் அவன் மறுநாளும் வந்து நீட்டுவான். குழாய் வழியே உணவைச் செலுத்துபவன் அம்மறுப்பையே அழிக்க முற்படுகிறான். பழக்குதலும் பணிவித்தலும் பிரியும் இடம் இதுவென்று எனக்குத் தோன்றுகிறது. மறுக்கும் ஆற்றல் அவ்வுயிரிடம் எஞ்சியிருக்கிறதா, அம்மறுப்புக்குச் செவிசாய்க்க எதிரில் ஒருவன் இருக்கிறானா என்பனவே நாம் கேட்க வேண்டியவை.

இளமையின் முரட்டுத்தனத்துக்கு மனிதக் கோல்தான் மருந்து என்பதும் மெய்யன்று. தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பர்க் பூங்காவில் 1992 முதல் 1997 வரை இளம் ஆண் யானைகள் நாற்பதுக்கும் மேற்பட்ட வெண் காண்டாமிருகங்களைக் கொன்றன. மூத்தோர் சுட்டுக் கொல்லப்பட்ட கூட்டங்களிலிருந்து கன்றுகளாகக் கொண்டுவந்து விடப்பட்ட அனாதைகள் அவை. முதியவை இல்லாமையால் அவற்றுக்கு இளவயதிலேயே மதம் பிடித்து, நெடுநாள் நீடித்தது. 1998-இல் குரூகர் பூங்காவிலிருந்து முதிர்ந்த ஆண் யானைகள் ஆறினைக் கொண்டுவந்து விட்டனர். இளையவற்றின் மதம் தணிந்தது, கொலைகள் நின்றன. சங்கிலியும் இல்லை, அங்குசமும் இல்லை. பெரியோர் உடனிருந்தனர், அவ்வளவே. தாயிடமிருந்து முன்னதாகப் பிரித்து, மனிதன் தனியே செல்லம் கொடுத்து வளர்த்த குதிரைக்குட்டியே பின்னாளில் மிகத் தொல்லை தரும் என்று குதிரை வளர்ப்போர் கூறுவதும் இதனோடு ஒத்துப்போகிறது. நாம் பல வேளைகளில் நம் கையால் உண்டாக்கிய முரட்டுத்தனத்தையே நம் கையால் திருத்தப் புறப்படுகிறோம்.

இனி, நம் தீவுகளின் யானைகளுக்கு என்ன நேர்ந்தது? வட அந்தமானில் மரம் வெட்டும் குத்தகை பெற்றிருந்த பி.சி. ரே நிறுவனம் நொடித்துப்போனபோது, 1962-இல் ஏறத்தாழ நாற்பது யானைகளை இன்டர்வியூ தீவில் விட்டுச் சென்றது. சம்பளப் பாக்கிக்கு வழக்காடக் கூடிய உயிர்களா அவை! பாகனின் சொல்லுக்குக் காத்துப் பழகியவை, சொல்வாரற்ற காட்டில் பிழைக்கக் கற்றன, கன்றுகள் ஈன்றன. 2002-இல் உச்சநீதிமன்றத்தின் ஆணையால் மரம் வெட்டுதல் பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது; முகாம் யானைகளின் தொழிலும் சுருங்கிற்று. கடலில் நீந்துவதால் புகழ்பெற்ற ராஜன், ஹேவ்லாக்கில் முதுமையைக் கழித்து 2016-இல் மாண்டது. அதற்கேனும் உடனிருக்க ஒரு பாகன் இருந்தான்.

இன்டர்வியூ தீவின் சிக்கல் தீரவில்லை. யானையையே அறியாது தழைத்த அத்தீவின் தாழையும் மூங்கிலும் யானைகளின் வாய்ப்பட்டுச் சிதைந்தன. அவற்றை அகற்றவேண்டும் என்று காட்டைக் காப்போர் கூறினால் அதிலும் நியாயம் உண்டு. அகற்றுவதாயின் மீண்டும் கயிறு, மீண்டும் கப்பல், மீண்டும் கரால். அங்கே பிறந்த யானைகள் சங்கிலியின் ஓசையைக் கேட்டவை அல்ல. அவற்றைக் கொணர்ந்தோரும் விட்டுச் சென்றோரும் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டனர். கடன் மட்டும் அத்தீவில் நிற்கிறது.